கொம்பியூட்டர் இல்லாமல் ஓடிய கார்

இங்கே கார்கள் தங்கள் வருத்தத்தைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. ஸ்ரேறிங்குக்குக் கீழே இருக்கும் செருகியின் இரண்டு துளைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு கண்சிமிட்டத் தொடங்கும். ஒருமுறை சிமிட்டி, சற்று நின்று, பிறகு மூன்றுமுறை சிமிட்டினால் பதின்மூன்று. பதின்மூன்றுக்கு என்ன பழுதென்று சுவரில் தொங்கும் புத்தகத்தில் எழுதியிருக்கும். மைஸ்டர், அதாவது எங்கள் கராஜின் தலைமை மெக்கானிக், அந்தச் சாமானைக் கழற்றித் தகர வாளிக்குள் எறிவார். தட்டிலிருந்து புதியதை எடுத்துப் பூட்டுவார். "ஃபெர்ட்டிக்" என்பார். முடிந்தது என்று அர்த்தம். எனக்கோ ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் பழக்கம். முதல் கிழமை நான் அப்படி நின்றதைக் கண்ட மைஸ்டர், எனக்குக் காதுவலி என்று நினைத்து மருந்துக்கடைக்குப் போய்வரச் சொன்னார். விளக்கம் சொல்ல என்னிடம் ஜெர்மன் மொழி போதவில்லை. போய், கடை வாசலில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஆனால் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் நான் கொம்பியூட்டர் மூர்த்தி. இதை எழுதும்போது பெருமையடிப்பதாக நினைப்பீர்கள், பெருமைதான் அடிக்கிறேன். எண்பத்து நாலாம் ஆண்டளவில், தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது கைவிட்டுப் போன ஒரு பழைய ஜெர்மன் கார் என் கராஜுக்கு வந்தது. அதற்குக் காபரேட்டர் கிடையாது. எஞ்சினுக்கு எவ்வளவு பெற்றோல் போகவேண்டும் என்பதைப் பின் இருக்கைக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்த ஓர் அலுமினியப் பெட்டிதான் தீர்மானித்தது. குடாநாட்டிலிருந்த மெக்கானிக்குகள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுக் கையை விரித்திருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்தேன். றேடியோ திருத்துகிறவரிடம் ஈயம் பற்றவைக்கும் கோலை இரவல் வாங்கி, பூதக்கண்ணாடி பிடித்து, இணைப்பு விட்டுப்போயிருந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன். பதினோராம் நாள் எஞ்சின் பிடித்தது. விற்க மனம் வராமல் நானே அந்தக் காரை வைத்துக்கொண்டேன். அது சந்தியைக் கடக்கும்போது, "கொம்பியூட்டர் போகுது" என்று சனம் சொல்வது எனக்குக் கேட்கும்.

அந்தக் காலத்தில் மயிலிட்டியிலிருந்து தாசன் என்று ஒருவன் வருவான். வள்ளத்து எஞ்சின்கள் திருத்துகிறவன். என் வயதுதான், என்றாலும் நான் கராஜ் முதலாளி என்பதால் அண்ணை என்பான். கடைசல் வேலை ஏதாவது இருந்தால் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து நிற்பான். அவன்மேல் மண்ணெண்ணெயும் மீனும் கலந்து மணக்கும். நான் அவனைச் சீண்டாமல் விட்டதில்லை.

"அண்ணை, உந்தப் பெட்டிக்குள்ளை என்ன கிடக்கு?" என்று ஒருநாள் கேட்டான்.

"மூளை. உங்கடை வள்ளத்து எஞ்சினுக்கு இல்லாத சாமான்."

"மூளை இல்லாதபடியாலைதான் அண்ணை அது நடுக்கடலிலை நிக்காமல் ஓடுது" என்றான் தாசன். கராஜில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க அந்தச் சிரிப்பு எனக்குச் செமிக்கவில்லை.

எண்பத்தொன்பதில் நான் ஜெர்மனிக்குப் புறப்பட்டேன். மனைவி மலரையும் இரண்டு வயது மகள் துளசியையும் காரையும் விட்டுவிட்டு வந்தேன். மறுவருடம் சண்டை தொடங்கி மயிலிட்டிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோது, தாசன் தன் மனைவி ரெஜினாவோடு உரும்பிராய்க்கு வந்து சேர்ந்தான். மூடிக் கிடந்த என் கராஜை மலர் அவர்களுக்குத் திறந்துவிட்டாள். நல்ல காரியம்தான் என்று நானும் எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில்தான் தொல்லை. கிணற்றுக் கப்பி உடைந்ததாம், தாசன் அண்ணை செய்து தந்தாராம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்க வைத்தாராம். துளசிக்குத் தொய்வு வருத்தம், மூச்சு இழுக்கத் தொடங்கினால் தாசன் அண்ணைதான் காரில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுகிறாராம். மலரில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அவளும் ரெஜினாவும் ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். என் பொறாமை அதைவிடக் கேவலமானது. என் வீட்டில் எது உடைந்தாலும் அதைத் திருத்துகிறவன் நானாக இருக்கவேண்டும். நானோ இங்கே யாரோ ஒருவருடைய காரின் கண்சிமிட்டலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தாசனே எழுதியிருந்தான். கடிதம் கொழும்புக்குப் போன யாரோ ஒருவரின் கையில் ஏறி, மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்தது. "அண்ணை, கார் நிண்டுபோச்சு. பெட்டி வேலை செய்யேல்லை. செய்தாலும் பெற்றோல் இல்லை. ஒரு பழைய மொறிஸ் காரின்ரை காபரேட்டர் கிடக்கு. பெட்டியைக் கழட்டிப்போட்டு அதைப் பூட்டினால் மண்ணெண்ணெயிலை ஓட்டலாம். உங்கடை கார். நீங்கள் ஓமெண்டு எழுதினால்தான் கை வைப்பன்."

இரண்டு எழுத்து எழுதியிருந்தால் போதும். நான் எழுதவில்லை. பதினொரு நாள் இருந்து நான் உயிர்ப்பித்த காரின் மூளையை ஒரு வள்ளக்காரன் கழற்றி எறிவதா? அதுவும் மண்ணெண்ணெய்க்காகவா? "ஒருதரும் கை வைக்க வேண்டாம். புதுப் பெட்டி அனுப்புகிறேன்" என்று எழுதினேன். சனிக்கிழமைகளில் கழித்த கார்களைக் குவித்து வைத்திருக்கும் பழைய இரும்பு மைதானங்களில் ஏறி இறங்கினேன். நான்காவது மைதானத்தில், மழையில் நனைந்துகொண்டிருந்த அதே மாதிரிக் கார் ஒன்றிலிருந்து அதே பெட்டியைக் கழற்றினேன். கராஜுக்குக் கொண்டுவந்து சோதித்துப் பார்த்தேன், வேலை செய்தது. அலுமினியத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கினேன். அந்தப் பளபளப்பைத் தாசன் பார்க்கவேண்டும் என்பதற்காகவே துடைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோல் இல்லை என்று அவன் எழுதியிருந்ததை நான் வாசித்தேன்தான். ஆனால் என் தலைக்குள் இருந்தது நான் விட்டுவந்த ஊர். அங்கே சந்திக்குச் சந்தி பெற்றோல் செற் இருந்தது. ரோர்ச் பற்றறிகூட உள்ளே போகவிடாமல் இராணுவம் மறித்து வைத்திருந்த ஊருக்கு, முள்முள்ளாகக் கம்பி முனைகள் நீட்டிய ஓர் உலோகப் பெட்டியை அனுப்புகிறோமே என்று ஒரு கணமாவது யோசித்திருக்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர் அதைக் கொழும்புவரை கொண்டுபோனார். கண் ஒப்பரேஷனுக்கு வந்துவிட்டு ஊர் திரும்பிய பக்கத்து வீட்டு மாஸ்ரர் அங்கிருந்து எடுத்துச் சென்றார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பெட்டி பிடிபட்டது. அது காருக்கான சாமான் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. காருக்கு எதற்கு இப்படி ஒரு பெட்டி என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. கண்ணில் கட்டுப் போட்டிருந்த மனிதரை இரண்டு நாள் மறித்து வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு ஆளை விட்டார்களாம். இப்போது அவர் எங்கள் வீட்டுப் படலையைக் கடக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறாராம்.

இதை எழுதிய அதே கடிதத்தில்தான் மலர் மற்றதையும் எழுதியிருந்தாள். காருக்கு என் சம்மதம் வரும் வரும் என்று காத்திருந்த நாட்களில் ஒரு மத்தியானம் துளசிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. உதடு நீலம் பாய்ந்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்கு ஏழு கிலோமீற்றர். தாசன் சைக்கிள் மிதிக்க, மலர் பின் கரியரில் பிள்ளையை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி இருந்திருக்கிறாள். "இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டு நிப்பாட்டிவிட்டார். இனி உங்கடை சொல்லுக்குக் காத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது. நான் தாசன் அண்ணைக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டன். கோபமெண்டால் கோபியுங்கோ."

கடிதத்தோடு கட்டிலில் போய் உட்கார்ந்தேன். வெட்கத்தில் காது சுட்டது. அந்த வெட்கத்துக்கு அடியிலும், அவன் பூட்டியது ஓடியதா இல்லையா என்று அறியத்தான் மனம் துடித்தது. ஓடக்கூடாது என்றும் ஒரு மூலையில் நினைத்தேன். பெற்ற பிள்ளையின் உயிர் அந்தக் காரில் தொங்குகிறது என்று தெரிந்தும் நினைத்தேன்.

ஓடியது. எப்படி ஓடியது என்று அடுத்த கடிதத்தில் தாசன் கொப்பித் தாளில் படம் கீறி அனுப்பியிருந்தான். மண்ணெண்ணெய் சூடுபடாமல் ஆவியாகாது. அதற்காகப் புகைக்குழாயைச் சுற்றிச் செப்புக் குழாயை ஒன்பது சுற்றுச் சுற்றி, அந்தச் சூட்டில் மண்ணெண்ணெயைக் காயவைத்துக் காபரேட்டருக்கு அனுப்பியிருந்தான். ஸ்ராட் எடுப்பதற்கு மட்டும் ஒரு மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். அதிலிருந்து இதற்கு மாற்றுவதற்கு ஒரு பைப்பு. எங்கேயும் ஒரு பிழை இல்லை. நான் பிழை தேடித் தேடிப் பார்த்தேன். நான் திருத்தியது இன்னொருவன் கண்டுபிடித்த பெட்டியை. இவனோ பெட்டியே தேவையில்லை என்று ஆக்கியிருந்தான்.

அந்தத் தாளை நான் வேலை மேசையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மைஸ்டர் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். விரலால் ஒன்பது சுற்றையும் எண்ணினார். இரண்டு வருடமாக என்னைக் கார் கழுவவும் ஒயில் மாற்றவும் விளக்கு எண்ணவும் விட்டிருந்த மனிதர், முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இது நீ செய்ததா?" என்று கேட்டார்.

கேள்வி நன்றாக விளங்கியது. அதற்குப் போதிய ஜெர்மன் என்னிடம் இருந்தது. "யா" என்றேன்.

மறுநாளிலிருந்து கராஜுக்கு வரும் பழைய கார்களையெல்லாம் அவர் என்னிடம் தள்ளிவிட்டார். விளக்கும் கண்சிமிட்டலும் இல்லாத, காபரேட்டர் வைத்த கார்கள். இப்போது நான் காதில் ஸ்குரூ டிரைவரை வைத்தால் யாரும் மருந்துக்கடைக்கு அனுப்புவதில்லை. வாடிக்கையாளர்களிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்கிறார்; அவர்கள் மரியாதையாகத் தலையசைக்கிறார்கள். ஒவ்வொரு தலையசைப்பும் தாசனுக்குச் சேரவேண்டியது. இந்தப் பொய்யை நான் இன்னும் திருத்தவில்லை. தாசனுக்கும் எழுதவில்லை. அவன் அறிந்தால் கோபிக்கமாட்டான், சிரிப்பான். அதுதான் எனக்குத் தாங்காது.

சென்ற கிழமை மலரும் துளசியும் விசா அலுவலாகக் கொழும்புக்கு வந்தார்கள். ஐந்து வருடத்தில் முதல்முறையாக மகளின் குரலைக் கேட்கப்போகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெலிபோன் கூண்டுக்குள் நாணயங்களை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றேன். மலர் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுத்தாள். ஏழு வயதுக் குரல். மூச்சு இழுக்கிறதா என்றுதான் முதலில் கேட்டுக்கொண்டிருந்தேன். இழுக்கவில்லை.

"அப்பா, நாங்கள் கிளாலிக் கரை மட்டும் தாசன் மாமாடை காரிலை வந்தனாங்கள். பிறகு வள்ளம்."

"அது அப்பாடை கார், குஞ்சு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

தெரியாத ஒருவருக்கு விளங்கப்படுத்துவதுபோல் ஆறுதலாகச் சொன்னாள்: "இல்லையப்பா. அது தாசன் மாமாடை. அப்பாடை கார் உங்கை ஜெர்மனியிலையெல்லோ நிக்குது?"

எனக்கு இங்கே கார் கிடையாது. லைசன்ஸும் இல்லை. வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறேன். கூண்டின் கண்ணாடிக்கு வெளியே, வீதியோரம் நெடுகக் கார்கள் பனி மூடி நின்றன.

"ஓம், குஞ்சு. இஞ்சைதான் நிக்குது."

"என்ன நிறம்?"

நேர் எதிரே நின்றதைப் பார்த்தேன். "நீலம்."

"பெரிசோ?"

"பெரிசு. நீங்கள் வந்தாப்போலை ஏறலாம்" என்றேன். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கம்பளிக் குல்லா போட்ட ஒரு கிழவி வந்து, கையுறையால் கண்ணாடியில் இருந்த பனியைத் தட்டிவிட்டு, கதவைத் திறந்து ஏறி, அந்த நீலக் காரை எடுத்துக்கொண்டு போனாள். அது நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு துண்டுத் தெரு தெரிந்தது.

"இப்பவும் நிக்குதோ அப்பா?" என்று துளசி கேட்டாள்.

"நிக்குது" என்றேன்.