ஐந்து விநாடி தினேஸ்வரி

“அண்ணே, தே ஓ கலக்கவா? கலக்குறேன். சீனி கொறச்சல்தானே? ஆமா, உங்களுக்கு இனிப்புநீர் இருக்குல்ல.”

நான் வாயைத் திறக்கவே இல்லை. தினேஸ்வரி வீட்டில் விருந்தாளிக்கு இருக்கும் ஒரே வேலை, வந்த பாலில்லாத் தேநீரைக் குடிப்பதுதான்.

ஈப்போவிலிருந்து தினமும் காரில் தாப்பாப் பக்கம் போகிறார். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு ஆசிரியை. சனி, ஞாயிறுகளில் கல்யாண விருந்துகளுக்கு அறிவிப்பாளர். ஒலிவாங்கி முன்னால் இரண்டு விநாடி அமைதி விழுந்தால் அது அவருக்கு மானப் பிரச்சினை. இப்பேர்ப்பட்டவர் ஐந்து ஆண்டுகளாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்வது இதைத்தான்: கேள்வி கேட்டபின் ஆசிரியர் ஐந்து விநாடி சும்மா இருந்தால், பேசாத பிள்ளைகள் பேசுவார்களா?

“நான் பன்னெண்டு வருஷமா சும்மாதான்லா இருக்கேன்,” என்கிறார் கணவர் யுகேந்திரன். “டாக்டர் பட்டம் எனக்குத்தான் மொதல்ல குடுக்கணும்.”

கருத்தரங்குகளில் தினேஸ்வரி மௌனத்தின் அருமையைப் பற்றி நாற்பது நிமிடம் மூச்சுவிடாமல் பேசிக் கைதட்டலும் வாங்கிவிடுவார். சிக்கல் வகுப்பறையில். அவருடைய இருபது பாட ஒலிப்பதிவுகளை மேற்பார்வையாளர் டாக்டர் நஜீமா அளந்து பார்த்தார். சராசரிக் காத்திருப்பு ஒன்றேகால் விநாடி.

“தினேஸ், எல்லாத்துலயும் உங்க குரல்தான் இருக்கு. பிள்ளைங்க எங்க?”

“முழிக்கிறத பார்த்தா பாவமா இருக்கும் டாக்டர். நானே சொல்லிருவேன்.”

“பட்டம் இல்லாம போனா நீங்களும் பாவம்தான்.”

பல்கலைக்கழகம் இறங்கிவந்து கொடுத்த கடைசித் தவணை பள்ளி விடுமுறையோடு முடிகிறது. அதற்குள் பிள்ளைகள் பேசும் பதிவுகள் கிடைக்காவிட்டால் ஐந்தாண்டு உழைப்பும் குப்பைக்கூடைக்கு.

வைத்தியம் பார்த்தார். வாயில் அசாம்போய் ஒன்றை, அந்த உப்புப் புளிப்புக் காய்ந்த பழத்தை, அடக்கிக்கொண்டு கேள்வி கேட்டார். பதில் சொல்லும் அவசரத்தில் கொட்டையை விழுங்கிவிட்டார். பிறகு முதுகுக்குப் பின்னால் விரல்விட்டு எண்ணினார். “அஞ்சு வரைக்கும் எண்ணினேன்லாண்ணே, சத்தியமா.” எண்ணத்தான் செய்தார், ஒரே விநாடியில்.

கடைசிப் பதிவன்று கைப்பேசியைப் பிடிக்க என்னை வகுப்பின் ஓரத்தில் உட்கார வைத்தார். மூன்றாவது வரிசையில் சாந்தினி. இந்த ஆண்டு முழுவதையும் தலையாட்டியே ஓட்டியவள்.

“சாந்தினி, மழை வந்தா உங்க வீட்டுல என்ன செய்வீங்க?”

மூன்று விநாடி. ஐந்து. ஏழாவதில் தினேஸ்வரியின் கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்துப் பிள்ளை உதவிக்குக் கையைத் தூக்கியது. கண்ணாலேயே அதை இறக்கினார். மின்விசிறி மட்டும் கடகடத்தது. பதினொன்று. உதடுகள் தாமாக அசைந்தன, பல்லால் கடித்துக்கொண்டார். பத்தொன்பதாவது விநாடியில், மேசையைப் பார்த்தபடியே சாந்தினி சொன்னாள்:

“மழ வந்தா… எங்கப்பா…”

ஓய்வு மணி அடித்தது. பக்கத்து வகுப்புகள் கூச்சலோடு கென்டீனுக்கு ஓடின. தினேஸ்வரி அவள் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல், ஒரு கையைப் பின்னால் நீட்டிக் கதவைச் சாத்தினார்.