தம்பி காரைப் பூட்டிய பள்ளத்தாக்கு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பாவுக்குப் பாலைவனம் பார்க்கும் ஆசை வந்தது. மெல்பேர்ணின் புறநகரான வெரிபீயில் நாங்கள் குடியிருந்த புதுக் குடியிருப்பில் அப்போது மரமே கிடையாது. சுற்றிலும் பாதி கட்டிய வீடுகள். காற்றடித்தால் மண் பறந்து வந்து அம்மா சமைக்கும் குசினி யன்னலில் படியும். பாலைவனம் பார்க்க இரண்டு நாள் கார் ஓட வேண்டுமா, வாசல் கதவைத் திறந்தால் போதாதா என்று அம்மா கேட்டார். அப்பா ஏற்கெனவே தண்ணீர்க் கலன்கள் வாங்கத் தொடங்கியிருந்தார்.

தென் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் பிளிண்டர்ஸ் என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. சிவந்த மலைகள், வற்றிய ஆறுகள், ஒரு காலத்தில் அந்த ஆறுகள் அறுத்துவிட்டுப் போன ஆழமான பள்ளத்தாக்குகள். அப்பாவோடு வேலை செய்த யாரோ அவருக்குப் படம் காட்டியிருந்தார்கள். எங்களுடைய சின்னக் கார் அந்தக் கல்லுப் பாதைக்குச் சரிவராது என்று, கிளேட்டனில் இருந்த ஓர் அங்கிளின் பெரிய ஜீப்பை அப்பா இரவல் வாங்கினார். அங்கிள் அதை வாங்கி அதிக நாள் ஆகவில்லை. கார்ச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, கொடுத்த பிறகும் அவர் அப்பாவின் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

ஜீப்பில் நாங்கள் ஐந்து பேர். முன்னால் அப்பாவும் மாமாவும். பின்னால் அம்மா, நான், எங்கள் இருவருக்கும் நடுவில் குழந்தை இருக்கையில் கட்டப்பட்ட தம்பி. மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. இலங்கையிலிருந்து படகில் வந்தவர். வில்லாவுட் தடுப்பு முகாமில் சிலகாலம் இருந்துவிட்டு, தற்காலிக விசாவோடு எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தவர். கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. அதிகம் பேசமாட்டார். ஆனால் உடுப்பு விஷயத்தில் மட்டும் மிகவும் கண்டிப்பு. பாலைவனப் பயணத்துக்கும் வெள்ளைச் சட்டை மடிப்புக் குலையாமல் அயர்ன் பண்ணிப் போட்டு, காற்சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து ஏறினார். எந்தக் கந்தோருக்கு வேலைக்குப் போகிறீர் என்று அப்பா கேட்டதற்கு, மாமா சட்டைக் கையை இன்னொரு முறை நீவிவிட்டுக்கொண்டார்.

தம்பிக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. கார் ஓடினால் சிரிப்பான். நின்றால் அழுவான். மெல்பேர்ணின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றும் அவனுடைய தனிப்பட்ட எதிரிகள். அழத் தொடங்கினால் பொத்தான் வைத்த கார்த் திறப்பைக் கையில் கொடுப்பதைத் தவிர வேறு மருந்து கிடையாது. அதை வாயில் வைத்து, ஆட்டி, காதில் வைத்து யாரோடோ பேசி ஆறுவான். ஓடும் காரின் திறப்பைக் கழற்றிக் கொடுக்க முடியாது. நின்ற காரில்தான் அவன் அழுவான். ஆகவே ஏற்பாடு ஒருமாதிரிப் பொருந்திப்போயிற்று.

மாநில எல்லையில் முதல் சோதனை வந்தது. பழங்களோடு எல்லை தாண்டக்கூடாது என்பது அங்கே சட்டம். பழ ஈ பரவிவிடுமாம். தண்ணீரைப் பற்றியும் மேலதிக டயரைப் பற்றியும் எல்லாம் படித்திருந்த அப்பா அதைப் படிக்கவில்லை. சீருடை போட்ட அதிகாரி ஒருவர் கையைக் காட்டி மறித்ததும், மாமா யாரும் கேட்காமலே சட்டைப் பையிலிருந்து தன்னுடைய விசா அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அதிகாரி அதைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு மிக மரியாதையாக, வாழைப்பழம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. அம்மா ஒரு சீப்புக் கொண்டுவந்திருந்தார், மாம்பழமும் கூட. குப்பைத் தொட்டியில் போட அவருக்கு மனம் வரவில்லை. தெருவோரத்தில் நின்று அவ்வளவையும் நாங்கள் தின்று முடித்தோம். அதிகாரி இரண்டாம் மாம்பழம் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் தன் கூண்டுக்குள் போய்விட்டார். நான் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தேன். மாமா அட்டையைத் துடைத்துத் திரும்பப் பையில் வைத்தார்.

மறுநாள் மத்தியானம் பள்ளத்தாக்குக்குள் இறங்கினோம். இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சிவந்த சுவர். நடுவில் தண்ணீர் இல்லாத ஆறு. அந்த ஆற்றுப் படுக்கைதான் பாதை. தெருவோரத்தில் இடைக்கிடை பலகை நட்டு, அந்த இடத்துப் பாறையின் வயதை எழுதியிருந்தார்கள். அப்பா ஒவ்வொரு பலகையிலும் காரை நிறுத்தி, இறங்கி, உரத்து வாசித்தார். ஒவ்வொரு நிறுத்தலுக்கும் தம்பி அழுதான். ஒவ்வொரு அழுகைக்கும் திறப்புக் கைமாறியது.

"எல்லாம் ஒரே கல்லாத்தானே கிடக்கு" என்றார் அம்மா. இனி எந்தக் கல்லுக்கும் தான் இறங்கப்போவதில்லை என்றும் அறிவித்துவிட்டு, ஈயை விரட்டிக்கொண்டு இருந்தார்.

அவரை இறங்க வைத்தது கல் அல்ல. அடுத்த பலகையில் அப்பா நின்று வாசித்துக்கொண்டிருக்க, முன்னாலிருந்த மாமா மெல்லத் திரும்பி, "அக்கா, அங்க பார்" என்று மேலே காட்டினார். பாறை விளிம்பில் ஒரு சின்னக் கங்காரு. வாலில் புலிக்கு இருப்பதுபோல வரி. வயிற்றுப் பையிலிருந்து ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்தது. நான் ஒரு கதவால் இறங்கினேன். மாமா இறங்கினார். குட்டியைக் கண்டதும் அம்மாவும் இறங்கிவிட்டார். ஈ உள்ளே போகாமல் கதவுகளை நன்றாகச் சாத்துங்கோ என்று சொன்னதும் அவர்தான். சாத்தினோம்.

பின்னால் 'டுக்' என்றது. ஜீப்பின் விளக்குகள் ஒருமுறை கண்சிமிட்டின.

கண்ணாடிக்கு அப்பால் தம்பி திறப்பைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துச் சிரித்தான். அப்பா கைபிடியை இழுத்தார். பிறகு நான்கு கதவையும், பின்கதவையும் இழுத்துப் பார்த்தார். போன் உள்ளே இருந்தது. வெளியே இருந்திருந்தாலும் அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடையாது. தண்ணீர்க் கலன்கள் எல்லாம் உள்ளே. அப்பா நினைத்துப் பார்த்து ஆயத்தம் செய்த எல்லாமே உள்ளே, தம்பியின் காவலில்.

முதலில் அம்மா கெஞ்சினார். "குஞ்சு, அதை அமத்து ராசா. அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிடு." தம்பி திறப்பைக் காதில் வைத்து அவரோடு போன் பேசினான். அப்பா அதட்டினார். அதட்டினால் அவன் வழக்கமாக அழுவான். அன்றைக்கு நடுவில் கண்ணாடி இருந்ததாலோ என்னவோ, அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு கெக்கெக்கென்று சிரித்தான். நான் எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடப் பாட்டை ஆங்கிலத்தில் பாடி ஆடினேன். அது அவனைக் கவரவே இல்லை.

மேலே வெயில் நேர் உச்சியில் நின்றது. தம்பியின் நெற்றியில் முடி ஒட்டத் தொடங்கியிருந்தது. அவன் சிரிப்பை நிறுத்தி, தன்னைக் கட்டியிருந்த வாரை இழுத்துப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

"உடையுங்கோ" என்றார் அம்மா.

அப்பா குனிந்து ஒரு கல்லை எடுத்தார். பார்த்தார். அதைப் போட்டுவிட்டு, அதைவிடச் சின்னதாக ஒன்றை எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, அது என்ன சுண்டி விளையாடவே?"

"அந்தாளின்ர புதுக் காரப்பா."

"கார் கிடக்கட்டும். என்ர பிள்ளை உள்ள வேகுது."

அந்த நேரத்தில் கரவன் என்ற வீட்டு வண்டி ஒன்றைக் காரில் இழுத்துக்கொண்டு ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி வந்து நின்றார்கள். விஷயத்தைக் கேட்டதும் கிழவர் நேரே போய், கருவிப் பெட்டியைத் திறந்து, சுத்தியலோடு வந்தார். பிள்ளை இருப்பது பின்னால், ஆகவே முன்பக்கத்துக் கண்ணாடியை மூலையில் அடி என்று அப்பாவுக்குக் காட்டிக் கொடுத்தார். அப்பா சுத்தியலை வாங்கிக்கொண்டு ஜீப்பின் அந்தப் பக்கம் போனார்.

"அத்தான், கொஞ்சம் பொறுங்கோ" என்றார் மாமா.

அவர் தம்பியின் பக்கத்துக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார். கெஞ்சவில்லை. பேசவும் இல்லை. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். தம்பி பார்த்தான். கையை எடுத்து முகத்தை மறைத்தார், காட்டினார். பிறகு கையைப் பொத்தி, உள்ளே ஏதோ இருப்பதுபோல நீட்டிப் பிடித்து, பெருவிரலால் ஒருமுறை அமத்தினார். அமத்தின மறுகணம் கால் இரண்டும் மடிந்து, தொப்பென்று மண்ணில் விழுந்தார்.

நான் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அவர் எழும்பினார். வெள்ளைச் சட்டையில் ஒரு பக்கம் செம்மண். திரும்ப அமத்தினார், திரும்ப விழுந்தார். தம்பி வாயைத் திறந்தபடி பார்த்தான். இப்போது மாமா அவனுடைய கையைக் காட்டினார். உன் முறை.

தம்பி அமத்தினான். விளக்குகள் சிமிட்டின. அது பூட்டும் பொத்தான். மாமா அசையாமல் நின்று, சோகமாகத் தலையை ஆட்டினார். தம்பி இன்னும் பலமாக அமத்தினான். அதே பொத்தான். மாமா விழவில்லை. தம்பி திறப்பைத் திருப்பிப் பார்த்தான். விரலை நகர்த்தினான்.

'டுக்'.

மாமா வெட்டி விழுத்திய மரம்போல விழுந்தார். அம்மாவும் நானும் கிழவியும் கைகொட்டினோம். அந்த விழுகையைப் பார்த்து ரசித்ததில் கதவை இழுக்க வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. தம்பி சந்தோஷத்தில் திறப்பு முழுவதையும் இறுக்கிப் பிசைந்தான். கார் திரும்பப் பூட்டிக்கொண்டது.

"அக்கா, கைபிடியில கைய வை" என்றார் மாமா தரையிலிருந்து. அந்த நேரத்திலும் அவருடைய குரல் உயரவில்லை. அம்மா வைத்தார். மாமா எழும்பி, மூச்சு வாங்கி, கண்ணாடிக்கு முன்னால் நின்றார். தம்பி இந்தமுறை யோசிக்கவே இல்லை. சரியான பொத்தானை அமத்தினான். மாமா விழுந்தார். அம்மா கதவை இழுத்துத் திறந்தார்.

ஜீப்பின் அந்தப் பக்கத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்ற அப்பா, அதே நேரத்தில் சுத்தியலால் அடித்தார்.

கதவு முதல் திறந்ததா, கண்ணாடி முதல் உடைந்ததா என்பது எங்கள் வீட்டில் இன்றுவரை தீராத வழக்கு. அப்பா கண்ணாடிதான் முதல் என்கிறார். அம்மா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார். அன்று அவர் தம்பியைத் தூக்கித் தோளில் போட்டு, கிழவி நீட்டிய குளிர்த் தண்ணீரை அவன் தலையில் ஊற்றி, நெடுநேரம் ஆட்டிக்கொண்டு நின்றார். தம்பிக்கு அதில் விருப்பமில்லை. அவன் மாமாவை நோக்கிக் கையை நீட்டி, திரும்ப விழும்படி அழுதான். கிழவர் ஒரு கறுப்புக் குப்பைப் பையை விரித்து, உடைந்த யன்னலில் அழகாக ஒட்டிக் கொடுத்தார். மெல்பேர்ண் வரைக்கும் அது படபடவென்று அடித்துக்கொண்டு வந்தது. கிளேட்டன் அங்கிளின் வாசலில் அப்பா ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, அங்கிள் வெளியே வந்து அந்தப் பையைப் பார்த்து, "காத்து நல்லா வந்திருக்குமே" என்று மட்டும் சொன்னார்.

பள்ளத்தாக்கிலிருந்து வெளியே வந்த அன்று பின்னேரம், பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாடகைக் கபின் எடுத்துத் தங்கினோம். அம்மா மாமாவின் சட்டையைக் கழுவிக்கொண்டிருந்தார். செம்மண் போகவில்லை. மாமா அப்பாவின் டீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே புல்லில் இருந்த மர வாங்கில் உட்கார்ந்து, போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். திரையில் யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய மனைவி, என் மாமி. மாமியின் மடியில் அவர்களுடைய மகள். தம்பியைவிடக் கொஞ்சம் மூத்தவள். மாமா படகேறின நேரம் அவள் பிறந்திருக்கவில்லை. அவர் அவளை ஒருநாளும் தூக்கியதில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், பாடப்புத்தகத்தில் படித்த விஷயம் தெரிவதுபோல.

நான் ரோல்ஸ் ஒன்றைக் கடித்தபடி மாமாவுக்குப் பின்னால் வந்து நின்றேன். திரையில் அந்தப் பிள்ளையின் முகம் கிட்ட வந்தது. பிறகு முகம் மறைந்து, ஒரு பெருவிரல் திரை முழுவதையும் மூடியது. மாமா தொப்பென்று வாங்கிலிருந்து புல்லில் விழுந்தார். போனுக்குள் அவள் சிரித்த சத்தம் கபின் வரை கேட்டது.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அது எங்களுடைய விளையாட்டு. எங்கள் தம்பியின் உயிரைக் காப்பாற்றிய விளையாட்டு. ஒருநாள்கூடப் பொறுக்காமல் அதைக் கொண்டுபோய் வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கிறாரே. நான் உள்ளே ஓடிப்போய் அம்மாவிடம் முறையிட்டேன்.

"மாமா தம்பியின்ர கேமை ஊர்ப் பிள்ளைக்குக் காட்டிக் குடுக்கிறார்."

அம்மா என்னைப் பார்த்தார். ஈரச் சட்டையைப் பிழிந்தார், பிறகு அதைத் திரும்பவும் தண்ணீருக்குள் போட்டார். "ஓம்" என்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

நான் வெளியே வந்து திரும்பவும் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா எழும்பி வாங்கில் இருப்பார். பெருவிரல் வரும். விழுவார். அவர் அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. கையைப் பொத்திக் காட்டவில்லை, உன் முறை என்று சைகை செய்யவில்லை. எப்போது அமத்த வேண்டும், அவர் எழும்பி இருக்கும்வரை எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று எல்லாமே அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் தம்பிக்குப் பள்ளத்தாக்கில் அத்தனை தரம் காட்ட வேண்டியிருந்ததை, இவள் பார்த்த உடனேயே பிடித்துக்கொண்டுவிட்டாள் என்றுதான் அன்று நான் நினைத்தேன். சரியான கெட்டிக்காரியாக இருக்க வேண்டும். எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை.