பிரிட்ஜ்காரரின் பேட்டி

செயற்கைப் பல் செய்கிற அவருக்குத் தெருவில் பிரிட்ஜ்காரர் என்று பெயர் விழுந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, தொழில். பல் விழுந்த இடத்தில், இரண்டு பக்கத்துப் பற்களையும் தூணாக வைத்து நடுவே ஒரு பல்லை நிறுத்துவதைப் பல் டாக்டர்கள் பிரிட்ஜ் என்பார்கள். அவர்கள் அனுப்பும், வாயில் எடுத்த மாவு அச்சைப் பார்த்து அதைச் செய்து கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. வீட்டின் பின்னறையில் ஒரு மேஜை, ஒரு குனிந்த விளக்கு, பீங்கானைச் சுட ஒரு சின்ன மின்சூளை, அலமாரி முழுக்க யார் யாருடைய வாய்களோ.

இரண்டாவது காரணம், தொலைக்காட்சி. ஞாயிற்றுக்கிழமை மதியம் உலகப் பாலங்களைப் பற்றி ஒரு தொடர் வந்தது. வெளிநாட்டில் எடுத்து, தமிழில் குரல் சேர்த்தது. வீட்டுக்கு எதிரே இருந்த சலூனில் உட்கார்ந்துதான் அதைப் பார்ப்பார். சலூன்காரர் பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பர். கூட்டம் அதிகமாக இருக்கும் அந்த நேரத்தில், முகத்தில் நுரையோடு இருக்கிறவர்கள் கிரிக்கெட் வைக்கச் சொல்லி முணுமுணுப்பார்கள். சலூன்காரர் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டார்.

"யோவ், கத்தி என் கையில இருக்கு. பேசாம பாலத்தைப் பாரு" என்பார்.

பிரான்சில் மேகத்துக்கு மேலே தூண் நீட்டி நிற்கும் பாலம், சான் பிரான்சிஸ்கோவில் பனிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் சிவப்புப் பாலம், எல்லாவற்றையும் அவர் சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நியூயார்க்கில் பொறியாளர் நோயில் விழுந்த பிறகு அவர் மனைவியே ஓடியாடி வேலையை முடிக்க வைத்த கதை வந்த அன்று, கண் கலங்கி வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் முன்னறையில் ஏழெட்டுக் குழந்தைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறும் வேலைக்குப் போகும் பெண்கள் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகள். அதுதான் அவள் சம்பாத்தியம்.

"நல்ல பொம்பளைதான்" என்றாள் அவள். "நான் படுத்துட்டா நீங்க ஒரு காபியாவது போடுவீங்களா?"

அவர் அசடு வழியச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அப்போதெல்லாம் அந்த வீட்டில் பாலம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

பிறகு உண்மையாகவே ஒரு பாலம் வந்தது. தெரு ஆற்றை ஒட்டி இருந்தது. எதிர்க்கரைக்குப் பெரிய கம்பிப் பாலம் கட்டப் போகிறார்கள், இந்தக் கரையில் அது இறங்கும் இடம் நம் தெருதான் என்று செய்தி பரவியபோது ஆளாளுக்குப் பட்டாவைத் தேடி எடுத்தார்கள். பாலத்தைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினால், பூட்டிக் கிடக்கும் பழைய கிடங்குகளில் இறங்கிவிடும். ஒரு குடும்பமும் நகர வேண்டாம். எல்லோரும் ஒன்றாக நின்று கேட்டால் நடக்கும் என்று ஒரு வக்கீல் சொல்லியிருந்தார். சலூனுக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள்.

கூட்டத்தில் பிரிட்ஜ்காரர் எழுந்தார். தெருவில் மரியாதையான ஆள், படித்தவர்களோடு பழகுகிறவர், அவர் பேச்சுக்கு எடை இருந்தது. தங்களுக்காகப் பேசப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"ஊருக்கு இப்படி ஒண்ணு ஒரே தடவைதான் வரும்" என்றார். "நாம குறுக்க நிக்கக் கூடாது. வீடு போனா என்ன, வேற வீடு கட்டிக்கலாம். பல்லு போன இடத்துல பிரிட்ஜ் வைக்கணும்னா, பக்கத்துல இருக்கிற ரெண்டு நல்ல பல்லையும் ராவித்தான் ஆகணும். அதுக்காக ஓட்டை வாயோடவா இருக்க முடியும்?"

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அந்த நல்ல பல்லு நாமதான்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

சிலர் சிரித்தார்கள். ஆனால் கூட்டம் அன்றோடு உடைந்தது. ஏற்கெனவே தயங்கியவர்களுக்கு அவர் பேச்சு ஒரு சாக்காகிவிட்டது; ஒவ்வொருவராகச் சம்மதித்துவிட்டு வந்தார்கள். கடைசிவரை முறுக்கிக்கொண்டு நின்றது சலூன்காரர் மட்டும்தான். பிரிட்ஜ்காரர் அவரிடம் போய் உட்கார்ந்து மூன்று மாலை பேசினார்.

"உனக்காகத்தாண்டா" என்று சலூன்காரர் கடைசியில் தலையாட்டினார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இடிக்க வந்த அன்று, சலூன்காரர் பெரிய கண்ணாடியைப் போர்வையில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு நடந்தார். வண்டியில் ஏற்றினால் உடைந்துவிடும் என்று பயம். பிரிட்ஜ்காரரின் மனைவி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பெண் காவலர் வந்து, "வாங்கம்மா" என்று மெதுவாகத்தான் கையை எடுத்துவிட்டாள்.

எல்லோருக்கும் நகரத்துக்கு வெளியே ஒன்பது மாடிக் குடியிருப்பில் இடம் கொடுத்தார்கள். அங்கே வீட்டுக்குள் தொழில் செய்யக்கூடாது என்பது சட்டம். மின்சூளை சமையலறைப் பரணுக்குப் போனது. பிரிட்ஜ்காரர் தன் வயதில் பாதி இருக்கும் ஒருவரின் பல் செய்யும் கூடத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். குழந்தைகளை அவ்வளவு தூரம் கொண்டுவந்து விட யாருக்கென்ன பைத்தியமா? மனைவியின் முன்னறை காலியானது. சலூன்காரர் பேருந்து நிலையத்தருகே வேறொருவரின் கடையில் மூன்றாவது நாற்காலிக்கு ஆளாகப் போனார். இத்தனைக்கும் பிறகு நண்பர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். சலூன்காரர் ஒரு தடவைகூடக் குத்திக்காட்டவில்லை. அது பிரிட்ஜ்காரரை இன்னும் அதிகமாக அரித்தது.

பாலத்தில் நடந்து போகப் பாதை கிடையாது. வண்டிகளுக்கு மட்டும். திறந்து ஒரு மாதம் கழித்து ஒரு வாடகைக் காரில் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "தலை சுத்துது" என்றாள்.

அந்த வருடம்தான் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். அதே தொடரில் இந்தப் பாலத்தைக் காட்டப் போகிறார்களாம். அந்தத் தெருவில் இருந்தவர் ஒருவர் வேண்டும் என்று தேடியபோது, எல்லோரும் ஒரே குரலாக அவர் கதவைக் காட்டினார்கள். இயக்குநர் ஓர் இளம்பெண். கனிவாகப் பேசினாள். கேமராவை வைத்து, சட்டையில் மைக்கைக் குத்தி, "மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க சார்" என்றாள்.

அவர் சொன்னார். யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னார். கதவைப் பிடித்து நின்றவளைப் பற்றி, முதுகில் போன கண்ணாடியைப் பற்றி. "பாலம் அழகு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா கிடங்கு பக்கம் தள்ளிப் போட்டிருக்கலாம். வீடு போனா என்ன, வேற வீடு கட்டிக்கலாம்னு அன்னிக்குக் கூட்டத்துல பேசினேன். பேசியிருக்கக் கூடாது. என் பேச்சைக் கேட்டு என் சிநேகிதன் கடையை விட்டான். அவன்கிட்ட நான் இன்னும் மன்னிப்புக் கேக்கல. இதை அவன் பாக்கணும், அதுக்குத்தான் சொல்றேன்."

சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, அவர்கள் போன பிறகு அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். வெகுநாளாக அப்படி உட்காராதவள்.

அவர் எல்லோருக்கும் சொல்லி வைத்தார். சலூன்காரரைத் தேடிப் போய், "ஞாயித்துக்கிழமை மறக்காம பாருடா. உனக்குன்னே ஒண்ணு சொல்லியிருக்கேன்" என்றார்.

"கடையில டிவி இருக்கு, பாத்துடறேன்" என்றார் அவர்.

ஞாயிறு மதியம் குடியிருப்பில் அநேகமாக எல்லா வீட்டிலும் அந்த நிகழ்ச்சி ஓடியது. அதே கணீர்க் குரல். ஆற்றின் மேலே கேமரா பறந்து வந்தது. "குப்பையும் ஆக்கிரமிப்பும் மண்டிக் கிடந்த இந்தக் கரை" என்றது குரல். பட்டா வைத்திருந்த தெருவை, அவர் வருடக்கணக்காக நம்பிய குரல் அப்படிச் சொன்னது. பிறகு இரும்பு வந்தது, கிரேன் வந்தது, பொறியாளர்கள் தலைக்கவசத்தோடு வந்தார்கள். முடிகிற நேரத்தில்தான் அவர் வந்தார். கீழே, 'முன்னாள் குடியிருப்பாளர்' என்று எழுத்து.

"பாலம் அழகு, அதுல சந்தேகமே இல்ல" என்றார் திரையில் இருந்தவர். "வீடு போனா என்ன, வேற வீடு கட்டிக்கலாம்."

அவ்வளவுதான். பின்னணியில் இசை எழும்பி, சூரியன் பாலத்துக்குப் பின்னால் இறங்கியது. 'கட்டிக்கலாம்' என்பதோடு ஒட்டியிருந்த ஒரு 'னு'வை வெட்டிவிட்டிருந்தார்கள். அந்த ஒற்றை எழுத்தோடு மற்ற எல்லாமும் போய்விட்டது.

பக்கத்து வீட்டில் யாரோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னது சுவரைத் தாண்டிக் கேட்டது.

"நான் அப்படியா சொன்னேன்? நீதானே கேட்ட?" என்று அவர் மனைவியிடம் திரும்பினார்.

"கேட்டேன்" என்றாள் அவள். "கூட்டத்துலயும் கேட்டேன். அங்க யாரும் உங்களை வெட்டல."

சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இயக்குநருக்கு அவர் போன் செய்தார். "நேரம் இல்ல சார், மேல சொல்லிக் குறைச்சுட்டாங்க. ஆனா நீங்க திரையில ரொம்ப நல்லா வந்திருக்கீங்க" என்றாள். மின்தூக்கியில் அவர் ஏறினால் பேச்சு நின்றது. ஓர் இளவட்டம் மட்டும், "வேற வீடு கட்டிட்டீங்களா சார்?" என்று கேட்டான். அவர் படியேறிப் போகப் பழகினார்.

சலூன்காரரைப் பார்க்க அடுத்த வாரம்தான் தைரியம் வந்தது. கடையில் அதிகக் கூட்டம் இல்லை, வாசல் பெஞ்சில் ஒருவர் மட்டும் காத்திருந்தார். மூன்றாவது நாற்காலிக்குப் பின்னால் துண்டை உதறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க சார். உக்காருங்க" என்றார்.

நாற்பது வருடமாக அவரை 'டா' போட்ட வாய் அது. பிரிட்ஜ்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். "டேய், அவங்க வெட்டிட்டாங்கடா. நான் உன்னைப் பத்தி..."

"தலையைக் கொஞ்சம் குனிங்க சார்."

குனிந்தார். கத்தரிக்கோல் காதோரம் ஓடியது. கை அதே கைதான்; பதமாகத்தான் வெட்டினார். பிரிட்ஜ்காரர் குனிந்த தலையோடு முழுவதையும் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். கத்தரிக்கோல் ஒரு நொடிகூட நிற்கவில்லை. முடிந்ததும் சலூன்காரர் கழுத்தில் பவுடர் போட்டுத் தட்டினார், கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்தார்.

"பின்னாடி சரியா இருக்கா சார்?"

"சரியா இருக்கு" என்றார் அவர்.

சலூன்காரர் துணியை உருவி உதறிவிட்டு, வாசலைப் பார்த்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.