உஸ்மான் சாலையில் என் கையைப் பிடித்தவர்

எழுபத்தேழாம் வருடம், புரட்டாசி மாதக் கடைசி. தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. தியாகராய நகர் உஸ்மான் சாலையில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பனகல் பார்க் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். வீடு மயிலாப்பூரில்.

அதற்கு முன்னால் நான் கராத்தே கற்றுக்கொண்ட கதையைச் சொல்லிவிட வேண்டும். ஆபீசுக்குப் போக ஒரு பஸ், வர ஒரு பஸ். அந்தக் காலத்தில் கூட்டமான பஸ்ஸில் போய்வந்த பெண்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. இடிக்கிற முழங்கை, தெரியாமல் படுகிற மாதிரி படுகிற கை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருக்கும் விரல்களுக்குள் சேஃப்டி பின்னை ஒளித்து வைத்துக்கொண்டுதான் நானும் போவேன். ஒருநாள் ஆபீஸ் நண்பர் ஒருவர், கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் சனி, ஞாயிறு காலைகளில் கராத்தே வகுப்பு நடப்பதாகச் சொன்னார். போய்ச் சேர்ந்துவிட்டேன். இருபது ஆண்கள், இரண்டு பெண்கள். இன்னொரு பெண் ஒரே மாதத்தில் நின்றுவிட்டாள்.

மாஸ்டர் என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர். ஆறு மாதம் எங்களை ஒரே ஒரு கட்டாவைத்தான் செய்ய வைத்தார். கட்டா என்றால், எதிரே ஆளே இல்லாமல், முன்னோர்கள் வகுத்து வைத்த வரிசைப்படி திரும்பி, தடுத்து, குத்தி, மறுபடி திரும்புவது. எல்லோருக்கும் அலுத்துப்போயிற்று. "இது சண்டையில எதுக்கு சார் உதவும்? டான்ஸ் மாதிரி இருக்கே" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

மாஸ்டர் சிரித்துக்கொண்டே என்னை முன்னால் கூப்பிட்டார். அந்தக் கட்டாவில் நான்காவது அசைவு இப்படி: நீட்டியிருக்கும் வலது கையை முன்காலோடு சேர்த்து வெடுக்கென்று பின்னுக்கு இழுக்க வேண்டும். அப்படியே தலைக்கு மேல் ஒரு வட்டம் சுற்றி, முஷ்டியைச் சுத்தியல் மாதிரி இறக்க வேண்டும். ஆறு மாதமாகக் காற்றில்தான் செய்துகொண்டிருந்தோம். மாஸ்டர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப நாலாவது பண்ணுங்க" என்றார். செய்தேன். அவருடைய கட்டைவிரல் பக்கமாக என் கை வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சுற்றி வந்த முஷ்டி அவருடைய கழுத்தடியில் உள்ள காறை எலும்புக்கு ஓர் அங்குலம் மேலே போய் நின்றது.

"எவ்வளவு பலசாலி பிடிச்சாலும் கட்டைவிரல் பக்கம்தான் அந்தப் பிடியோட பலவீனம். யாரோ கண்டுபிடிச்சு கட்டாவுக்குள்ள வச்சுட்டுப் போயிருக்காங்க" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அந்த அசைவின்மேல் ஒரு பைத்தியம். காலையும் மாலையும் மொட்டைமாடியில் நூறு தடவை. முஷ்டி இறங்கும்போது புடவைத் தலைப்பு சடாரென்று சத்தம் போடும். உண்மையைச் சொன்னால், யாராவது என் கையைப் பிடிக்கமாட்டானா என்று காத்திருக்க ஆரம்பித்திருந்தேன்.

அன்றைக்கு மழை பெய்து ஓய்ந்திருந்தது. தீபாவளிக்குத் துணி எடுக்க வந்த கூட்டம். சாலைக்கு அந்தப் பக்கம் என் பஸ் வந்து நின்றது. அதைத் தவறவிட்டால் இன்னும் அரை மணி நேரம் நிற்க வேண்டும். அதன்மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்திலிருந்து காலை இறக்கினேன். பின்னாலிருந்து ஒரு கை என் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

நான் யோசிக்கவில்லை. உடம்பே செய்தது. திரும்பினேன், இழுத்தேன், சுற்றினேன், இறக்கினேன். சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

அவர் பிளாட்பாரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. "பொம்பள கையைப் புடிச்சு இழுக்கிறியாடா?" என்று ஒருவர் அவர் கன்னத்தில் அறைந்தார். இன்னொருவர் முதுகில் குத்தினார். "நீ போம்மா, இவனை நாங்க பாத்துக்கறோம்" என்றது ஒரு குரல். அவர் "பஸ்ஸு... பஸ்ஸுங்க..." என்று என்னவோ சொல்ல வந்தார். யாரும் கேட்கவில்லை.

நான் நின்றுகொண்டிருந்தேன். நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். யாரோ "சபாஷ்" என்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அரை நிமிடம் இருக்கும். அதற்குள் இன்னும் இரண்டு அடி விழுந்தது அவருக்கு.

பிளாட்பார ஓரத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள்தான் கூடையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே புகுந்தாள்.

"யோவ், நிறுத்துங்கய்யா! இன்னாத்துக்கு அந்த ஆள அடிக்கிறீங்க?" என்று கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, படிச்ச பொண்ணு தானே நீ? பஸ்ஸு வந்துகினு கீது, நீ பாட்டுக்கு எறங்கிகினு கீறே. அந்தாளு இஸ்துக்கலைன்னா இந்நேரம் சக்கரத்துக்கு அடியில கெடப்பே. அங்க பாரு!"

பார்த்தேன். என் கையிலிருந்த பை சாலையில் கிடந்தது. உள்ளே இருந்த டிபன் டப்பா அப்பளம் மாதிரி நசுங்கி, பையைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. நான் இறங்கிய பக்கத்திலேயே, பத்தடி தள்ளி வேறொரு பஸ் நின்றிருந்தது. அதன் கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பஸ் ஹார்ன் அடித்திருக்க வேண்டும். என் காதில் விழவே இல்லை.

கூட்டம் வந்த வேகத்தில் கலைந்தது. அடித்தவர்களில் ஒருவர்கூட நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூக்கார அம்மாள்தான் ஓர் ஆட்டோவை நிறுத்தி, "ஆஸ்பத்திரிக்கு நீயே இட்டுகினு போ" என்று அதட்டினாள்.

"வேண்டாங்க, நான் போயிக்கிடுதேன்" என்றார் அவர். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. கட்டாயப்படுத்தி ஏற்றினேன். என்மேல் பட்டுவிடக் கூடாதென்று ஆட்டோவின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு பள்ளத்திலும் பல்லைக் கடித்தார். பாதி வழியில் மெல்லச் சொன்னார்:

"பஸ்ஸு வருதுன்னு சத்தம் போட்டேம்மா. உங்களுக்குக் கேக்கல. அதான் கையைப் புடிச்சிட்டேன். தப்பா நெனைச்சிராதீங்க."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் அழுதுவிட்டேன்.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, காறை எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். இரண்டு தோள்களையும் பின்னுக்கு இழுத்து முதுகில் குறுக்காகக் கட்டுப் போட்டு, கையைக் கழுத்திலிருந்து ஒரு துணித் தூளியில் தொங்கவிட்டார்கள். ஆறு வாரம் வலது கையைத் தூக்கக் கூடாது. அவர் டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கத்தரி புடிக்கலாமா?"

ரங்கநாதன் தெருவில் ஒரு தையல் கடைக்கு ரவிக்கை வெட்டித் தருபவர் அவர். தீபாவளிக்கு முந்தைய மாதம்தான் அவருக்கு வருடத்திலேயே முக்கியமான மாதம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஏண்டி, கையைப் பிடிச்சுண்டவன் யாருன்னு ஒரு தடவை பாக்கப்படாதோ?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போக மனசே இல்லை. போனேன். எல்லோரும் கலைந்த பிறகு மாஸ்டரிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா செய்யுங்க. ஒவ்வொரு இடத்திலும் நின்னு" என்றார்.

திரும்பினேன். கையை இழுத்தேன். பிடி விட்டது. "நில்லுங்க" என்றார். கை தலைக்கு மேலே பாதி வட்டத்தில் நின்றது.

"இப்ப உங்க கை என்கிட்ட இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப நீங்க தப்பிச்சாச்சு. இதுக்கு மேல முஷ்டியை இறக்கணுமா வேண்டாமாங்கறது வேற விஷயம். ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கிட்ட மாதிரி பழகிட்டீங்க." பிறகு, "உங்க தப்பு மட்டும் இல்ல. வகுப்புல எல்லாரும் கை தட்டணும்னு நானும் ஒரே வீச்சாத்தான் காட்டினேன். இங்க நின்னு பாக்கணும்னு சொல்லல" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து வகுப்பில் எல்லோரும் அந்த அசைவை இரண்டாக உடைத்துச் செய்தோம். விடுபடுவது ஒன்று. ஆளைப் பார்த்த பிறகு அடிப்பது இன்னொன்று.

ஆனால் வகுப்பில் திருத்திக்கொண்டால் ஒடிந்த எலும்பு கூடிவிடுமா? திங்கட்கிழமை ஆபீஸ் விட்டு, ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன விலாசத்தை வைத்து மேற்கு மாம்பலத்தில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். ஒரு சந்துக்குள் ஒற்றை அறை. அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து ரவிக்கைகளுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் ஊசியைக் கீழே வைத்தார்.

"நீங்கதானா அது? ஆம்பளையை இப்படி அடிச்சுப் போட்டவுகன்னா ஆளு மலை மாதிரி இருப்பீங்கன்னு நெனைச்சேன்" என்றார். குரலில் வேடிக்கை இல்லை. "பழம் வாங்கியாந்திருக்கீங்க. சரி. பழமா துணி வெட்டப் போவுது? அவுக இடது கையால கோடு போட்டிருவாக. வெட்டத்தான் கை இல்ல."

"நான் வெட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர், "பழைய துணியைக் குடுத்துப் பாரு" என்றார்.

மூன்று நாள் பழைய வேட்டியை வெட்டினேன். நான்காம் நாள் நிஜத் துணி. கடையிலிருந்து மூட்டை வீட்டுக்கே வந்தது. தினமும் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை. அவர் இடது கையால் சாக்குக்கட்டியைப் பிடித்துக் கோணல்மாணலாகக் கோடு போடுவார். "இதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி", "இங்க வளைச்சு" என்று வாயால் திருத்துவார். நான் வெட்டுவேன். கத்தரியின் கனத்தில் கட்டைவிரல் கொப்புளித்துவிட்டது. அந்த வருடம் புஸ்ஸென்று உப்பிய பஃப் கை வைத்த ரவிக்கைதான் எல்லோருக்கும் வேண்டும். ஒரு பச்சைப் பட்டுத் துணியில் கையைத் தலைகீழாக வெட்டிவிட்டேன். எனக்கு உயிரே போய்விட்டது. மிச்சத் துணியில் ஒட்டுப் போட்டு அவர் மனைவிதான் அதைக் காப்பாற்றினார். அன்றைக்குத்தான் முதல்முதலாக எனக்குக் காப்பி கொடுத்தார்.

ஒருநாள் வேலை முடிந்ததும் அந்த அம்மாள் கேட்டார்: "என்னதான் செஞ்சீங்க? எனக்குக் காட்டுங்க. மூட்டையைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போவையில கூட்டத்துல நானும்தான் இடி படுதேன்."

அவர் கணவர் கட்டிலிலிருந்து எழுந்து வந்து, "நான் இடது கையால புடிச்சுக்கிடுதேன். இதுதான் நல்லாருக்கு" என்றார். மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். கட்டைவிரல் பக்கமாக எப்படி இழுப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவது தடவையிலேயே அந்த அம்மாள் கையை உருவிக்கொண்டார். "அவ்வளவுதானா?" என்று கேட்டுச் சிரித்தார். அதற்கு மேலே உள்ள அடியை நான் அன்று சொல்லித்தரவில்லை. வேறொரு நாள், மாஸ்டர் சொன்ன மாதிரி நடுவில் நிறுத்தி, அதையும் சொல்லித்தந்தேன்.

தீபாவளி வந்து போயிற்று. கட்டு அவிழ்த்த அன்று சாயங்காலமும் போயிருந்தேன். அவர் வலது கையால் கத்தரியை எடுத்து, காற்றில் இரண்டு தடவை வெட்டிப் பார்த்தார். எலும்பு கூடிய இடத்தில் சிறிய மேடு ஒன்று தெரிந்தது. என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அடிச்சதுக்கு எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டுட்டேன். அவங்க உங்களை அடிச்சப்போ நான் பேசாம நின்னேன். அதுக்கு இன்னும் கேட்கல" என்றேன்.

அவர் கத்தரியை மூடிக் கீழே வைத்தார். அந்த ஆறு வாரத்தில் முதல் தடவையாக அவர் முகம் மாறியது.

"எலும்பு முறிஞ்சது கூட எனக்குப் பெரிசா தெரியலம்மா. எங்க ஊர்க்காரன் எவனாவது அந்த வழியா வந்து, பொம்பள கையைப் புடிச்சான்னு என்னை அடிக்கிறதைப் பாத்திருந்தா? அதை நெனைச்சுதான் ரெண்டு ராத்திரி தூங்கல" என்றார். பிறகு சாக்குக்கட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு, "சரி, விடுங்க. நீங்கதான் தினமும் வந்தீங்களே" என்றார்.

அவர் அதை மறந்துவிட்டதாகச் சொல்லவில்லை. நானும் அப்படி எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் கராத்தே பழகினேன். பஸ்ஸில் இரண்டு தடவை நிஜமாகவே தேவைப்பட்டது. இரண்டு தடவையும் கையை விடுவித்துக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டேன், அது போதுமானதாக இருந்தது. உஸ்மான் சாலையில் என் முஷ்டி இறங்கியதை உடம்பு செய்த தவறு என்று எனக்கு நானே எப்படியோ சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிடத்துக்கு மட்டும் இன்றுவரை ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை. அதனால்தான் தெருவில் பத்துப் பேர் சேர்ந்து ஒருவரை அடிப்பதைப் பார்த்தால், அவர் என்ன செய்தார் என்று தெரியாவிட்டாலும், "முதல்ல நிறுத்துங்க" என்று என் வாய் தானாகச் சத்தம் போட்டுவிடுகிறது.