கறுப்புக் கண்ணாடியில் அத்தை

எங்கள் அத்தைக்கு ஒரு பழைய இயக்குநரின் கறுப்பு வெள்ளைக் கொலைப்படங்கள் என்றால் சோறு தண்ணி வேண்டாம். சேரப்பணஞ்சேரி வீட்டில் ஞாயிறு மதியம் வாடகை சிடி ஓடும். முகத்தில் பாதி இருட்டு விழுந்த ஆளைப் பார்த்து நான் நடுங்கினால், "இவன் இல்ல, பாத்துக்கினே இரு" என்பாள். கடைசியில் அவள் சொன்னபடி வேறு ஆள்தான் மாட்டுவான்.

அப்படிப்பட்டவளுக்கு அப்பா ஒரு மாப்பிள்ளை பார்த்தார். தெற்கத்திக்காரர், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பெர்மனென்ட் என்று அப்பா சொன்னார். பெண் பார்க்க வந்தவரோ வாயே திறக்கவில்லை. அந்த வேலை மேலேயே அத்தைக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. பொய் சொல்லி வந்தவனுக்குக் கழுத்தை நீட்டுவதில்லை என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

மறுநாள் துப்பறியக் கிளம்பினோம். கூடக் குழந்தை இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்களாம், அதனால் நானும். படத்துத் துப்பறிவாளருக்கு நீளக் கோட்டு என்றால் அத்தைக்குத் தலையில் துப்பட்டா, கண்ணில் அப்பாவின் கறுப்புக் கண்ணாடி. கம்பெனி கேட்டுக்கு எதிர் டீக்கடையில் ஒளிந்து நின்றோம். கடையில் இருந்த அத்தனை பேரும் எங்களையே பார்த்தார்கள்.

ஷிப்ட் விட்டது. நீலச் சட்டை போட்ட பெர்மனென்ட் ஆட்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். சாம்பல் சட்டை போட்ட காண்ட்ராக்ட் ஆட்கள் ஷேர் ஆட்டோவுக்கு ஓடினார்கள். மாப்பிள்ளை வந்தது சாம்பல் சட்டையில். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் நேராக எங்களிடம் வந்தார். "வெயில்ல எதுக்கு நிக்கிய? டீ சாப்பிடுதியளா?"

அத்தை கண்ணாடியைக் கழற்றினாள். என் கையில் ஒரு பன்னைக் கொடுத்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அவரோடு தள்ளிப்போய் நின்று பேசினாள். பேசப் பேச அவள் முகம் சுண்டிப்போனது. போலீஸ் எப்போது வரும் என்று வீடு வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் எதிரே போய் நின்றாள்.

"அவரு காண்ட்ராக்டுன்னு உன்னாண்ட மொதல்லயே சொல்லிக்கீறாருண்ணா. வூட்ல சொல்லாதன்னு அவரு வாய அடச்சது நீதான்."

"உனுக்கு வயசு ஏறிக்கினே போவுதேன்னுதாம்மா..."

"நெசத்த சொன்னது அவரு ஒருத்தருதான். அவரையே கட்டிக்கிறேன். இனிமே என் விஷயத்துல நீ வாயத் தொறக்காத."

அப்பா பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினார். அவருக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நான் ஓடிப்போய் ஓமத்தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கி, மறுபேச்சில்லாமல் குடித்தார்.