நெத்திலி வாங்கப் போன பாதை

நான் சொல்லச் சொல்ல, நம் தேஹு ரோடு தமிழர்களின் மெயில் குழுவுக்கு மருமகள் டைப் செய்கிறாள்.

மாடி வீட்டுப் பெண் இத்தாலியிலிருந்து திரும்பியிருக்கிறாள். இன்று கம்ப்யூட்டரில் படம் காட்டினாள். கடலோர ஊர்களுக்கு நடுவே மலைப்பாதையில் நாள் முழுக்க நடந்தார்களாம். ஊருக்கு ஊர் ரொட்டியும் எலுமிச்சை பிழிந்த நெத்திலியுமாம்.

"ஏம்மா, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நடக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ஹனிமூன்ல முன்ன பின்னவா நடப்பாங்க தாத்தா?" என்று சிரித்தாள்.

நாங்கள் முன்ன பின்னதான் நடந்தோம். அறுபது வருஷத்துக்கு முன், இரண்டாம் உலகச் சண்டைக் காலம். அதே கடலோரத்தில் நானும் சவரிமுத்துவும் பட்டாளத்துச் சமையல்காரர்கள். பாதையெல்லாம் கண்ணிவெடி. முன்னால் போகிறவன் மிதித்த இடத்தில்தான் பின்னால் வருகிறவன் மிதிக்க வேண்டும். ஒருநாள் அவன் முன்னால், மறுநாள் நான்.

நெத்திலி வாங்கப் போன அன்று என் முறை. பூட்ஸ் கடிக்கிறது என்று பொய் சொன்னேன்.

"சரிடா சோம்பேறி, பின்னால வா" என்று அவன் முன்னால் போனான்.

முகாமுக்கு நான் மட்டும் திரும்பினேன்.

மாடி வீட்டுப் பெண் அங்கிருந்து கொண்டுவந்து ஆசையாகக் கொடுத்த நெத்திலி பாட்டிலை இன்னும் திறக்கவில்லை.

நாளைக் காலை தேஹு ரோடு ஸ்டேஷனுக்கு நடக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். முன்னால் நான் நடக்கிறேன். என் முறை பாக்கி இருக்கிறது.