பைலட்டுக்கு நான் கொடுத்த சளி மாத்திரை

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். முறையாகப் படித்தவன். இருபது வருட அனுபவம்.

என் மனைவியின் தம்பி விமானி. வெள்ளிக்கிழமை நடந்த எங்கள் மகளின் நிச்சயதார்த்தத்துக்காக ஐயம்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். மறுநாள் காலை சென்னையிலிருந்து விமானம் ஓட்ட வேண்டும். அன்று எழுந்ததிலிருந்து அவனுக்குத் தும்மல், லேசான தலைவலி.

"மாமா, வெறும் பாராசிட்டமால் இருந்தா குடுங்க. சளி மாத்திரை வேணாம்" என்றான்.

என் பையில் பெயர் தெரியாதபடி வெட்டிய அட்டைத் துண்டு ஒன்று கிடந்தது. பாராசிட்டமால் என்று நினைத்து எடுத்து நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாராசிட்டமால்தானே மாமா?"

"ஒரு மாத்திரைக்கு இவ்ளோ ஆராய்ச்சியாபா? நான் என்னா இன்னிக்கா கடை வெச்சேன்?"

சிரித்துக்கொண்டே விழுங்கிவிட்டான்.

பதினொரு மணி வாக்கில் கடைக்கு வந்த ஒரு பெண் சளிக்கு மாத்திரை கேட்டார். வழக்கமாகக் கொடுக்கும் அட்டையை எடுத்தேன். ஒரு மூலை வெட்டப்பட்டிருந்தது. முந்தின நாள் எனக்காக நானே வெட்டிப் பையில் போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தூக்கம் வரவழைக்கும் மருந்து அதில் இருக்கிறது. கூடவே, சிறுநீர்ப் பரிசோதனையில் சில சமயம் போதைப்பொருள் போலக் காட்டிவிடும் இன்னொன்றும் இருக்கிறது. விமானிகளை முன்னறிவிப்பு இல்லாமல் அப்படிச் சோதிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

உடனே போன் செய்தேனா? இல்லை. ஒரு மாத்திரைதானே, காலைக்குள் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் பேசிய பேச்சுக்கு எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வது? அரை மணி நேரம் மற்றவர்களுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தேன். அதற்குமேல் முடியவில்லை, போன் செய்தேன்.

அவன் அதற்குள் சென்னைக்குக் கிளம்பி ஸ்ரீபெரும்புதூர் தாண்டியிருந்தான்.

"காலைல குடுத்தது சளி மாத்திரைபா. பாக்காம குடுத்துட்டேன்" என்றேன்.

 அட்டையில் உள்ளதை அப்படியே படிக்கச் சொன்னான். படித்தேன்.

"சரி மாமா. ஆபீஸ்ல சொல்லி, நாளைக்கு வேற ஆளப் போடச் சொல்றேன்."

"நாளைக்கே டெஸ்ட் வெப்பாங்கன்னு என்னாபா நிச்சயம்?"

"டெஸ்ட் கெடக்குது மாமா. அத்தினி பேரு என்ன நம்பி பின்னாடி உக்காந்துக்கினு இருப்பாங்க. நான் தூங்கி வழிஞ்சா என்னா ஆவுறது?"

குரலில் கோபமே இல்லை.

மறுநாள் அவனுக்குப் பதில் வேறொருவர் போனார். கம்பெனி மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகுதான் அவன் மறுபடி வேலைக்குப் போக முடிந்தது. எழுத்தில் விளக்கமும் கேட்டார்கள். "சரிபார்க்காமல் நானே சாப்பிட்டுவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்தானாம். மருந்துக்கடைக்காரரான தன் அக்கா கணவரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இதை என் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சளி மாத்திரை கேட்பவர்களிடம், "வண்டி ஓட்டுவீங்களா?" என்று இப்போது கேட்காமல் கொடுப்பதில்லை. மாத்திரை மாறியது கவனக்குறைவு, யாருக்கும் நேரலாம். ஆனால் தெரிந்த பிறகும் வாய் திறக்காமல் இருந்த அந்த அரை மணி நேரத்துக்கு என்னிடம் இன்றுவரை ஒரு சமாதானமும் இல்லை.